பழுதுக்கு ஒரு முகவரி

கறுப்புத் திரையில் இப்படி ஒரு வரி வந்து விழும்:

~}#!}!}!} }

இடையிடையே அச்சில் காட்ட முடியாத ஓரிரு குறிகளும் இருக்கும். பார்க்கிறவருக்கு இது குப்பை. டயல்-அப் காலத்தில் லினக்ஸ் கணினியை இணையத்தோடு சேர்க்க மல்லுக்கட்டியவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. மினிகாம் என்ற சின்ன நிரலைத் திறந்து, மோடத்துக்குக் கையாலேயே கட்டளை தட்டி, எண்ணைச் சுழற்றி, மறுமுனை எடுத்ததும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகு இந்த வரி வந்தால், அங்கே பிபிபி என்ற இணைப்பு நெறிமுறை விழித்துக்கொண்டது என்று பொருள். தொலைபேசிக் கம்பி சரி. மோடம் சரி. சீரியல் போர்ட் சரி. கணக்கு சரி. இனிப் பாக்கி இருப்பதெல்லாம் இந்தப் பக்கத்து வேலை.

அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் முடியும். ~ என்பது ஒரு பொட்டலம் தொடங்குவதற்கான அடையாளம். } வந்தால் அடுத்து வரும் எழுத்து வேஷம் மாற்றி வந்திருக்கிறது. 3 என்ற எண்ணை அப்படியே அனுப்பினால் வழியில் இருக்கும் ஏதாவது ஒரு கருவி அதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும்; அதனால் அதில் ஒரு பிட்டைத் திருப்பிப்போட்டு # ஆக்கி, முன்னால் ஒரு } வைத்து அனுப்புகிறார்கள். அதே கணக்கில் }! என்றால் 1. வரியில் அது இரண்டு முறை வருகிறது. முதலாவது, இது இணைப்புக்கான விண்ணப்பம் என்கிறது. இரண்டாவது, விண்ணப்ப எண் 1 என்கிறது. தனியாக நிற்கும் அந்த ஒரு ! குறி, எல்சிபி என்ற பகுதியின் அடையாள எண்ணில் பாதி. 1994 ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 1661, 1662 என்ற ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டால் யாரும் இதைப் படிக்கலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

டயல்-அப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தை நினைத்து உருகுகிறார்கள். என் மனம் அங்கே நிற்பதில்லை. அந்தக் காலத்தில் ஒரு இணைப்பு வேலை செய்யாவிட்டால், எந்த இடத்தில் வேலை செய்யவில்லை என்று ஒரு சாதாரண மனிதர், அவசரப்படாமல், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிட முடிந்தது. பழுதுக்கு ஒரு முகவரி இருந்தது. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சத்தத்தையே எடுத்துக்கொள்வோம். அது வெறும் இரைச்சல் கிடையாது. மோடத்தின் ஒலிபெருக்கியை யாரும் அணைத்து வைக்காததற்குக் காரணம் இருந்தது. மறுமுனை மோடம் எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஊதல் வரும். 450 மில்லிவினாடிக்கு ஒருமுறை அந்த ஊதலின் அலை தலைகீழாகப் புரளும். உற்றுக் கேட்டால் சின்னச் சின்ன இடறலாகக் காதில் படும். மனிதர்கள் பேசும்போது எதிரொலி கேட்காமலிருக்கத் தொலைபேசி வலையமைப்பில் வைத்திருக்கும் கருவிகளை, 'இது பேச்சு இல்லை, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்' என்று அணைத்துவைக்கும் சைகை அது. அதன் பிறகுதான் இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தை அளக்கத் தொடங்கும். ஊதலே வராவிட்டால் எண் தப்பு, அல்லது மறுமுனை நிரம்பியிருக்கிறது. ஊதல் வந்து, கரகரப்பு தொடங்கி, திரும்பத் திரும்பக் கரகரத்துவிட்டு அறுந்தால் கம்பி மோசம். கரகரப்பு முடிந்து அமைதியான பிறகு அறுந்தால் சிக்கல் கம்பியில் இல்லை, கணக்கிலோ பிபிபி அமைப்பிலோ இருக்கிறது. காதாலேயே பாதிப் பழுதைப் பிரித்துவிடலாம்.

மோடத்தோடு பேசிய மொழியும் அப்படி எளிமையானது. 1981இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த ஏடி கட்டளைகள்தான் உலகம் முழுக்க. ஏடி என்று தட்டினால் ஓகே என்று பதில் வர வேண்டும். ஏடிடிடி என்று தட்டி எண்ணைக் கொடுத்தால் டோன் முறையில் டயல் செய்யும். டோன் முறை இல்லாத பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால் ஏடிடிபி. ரிசீவரை எடுத்துக் கேட்டால் டயல் டோன் தெளிவாகக் கேட்கும், மோடம் மட்டும் 'டயல் டோன் இல்லை' என்று அடம்பிடிக்கும். வேறு நாட்டு டோனுக்குப் பழகிய மோடத்துக்கு நம்மூர் டோன் டோனாகவே தெரியாது. அதற்கு ஏடிஎக்ஸ்3. டோனுக்குக் காத்திருக்காதே, நேராக எண்ணை அழுத்து என்று அதற்குச் சொல்லும் கட்டளை. நம் பக்கத்தில் ஒருவர் காதில் ஒருவர் போட்டுப் பரவிய மந்திரம் அது.

வீட்டுக்குள் இருந்த எதிரிகளையும் சொல்ல வேண்டும். முன்னறையில் மோடம், உள்ளறையில் பேரலல் போன். யாராவது ரிசீவரைத் தூக்கினால் இணைப்பு போய்விடும். கால் வெயிட்டிங் வசதி போட்டிருந்தால், வெளியிலிருந்து ஒரு அழைப்பு வந்து 'பிக்' என்றதும் போய்விடும். மோடத்துக்குள் எஸ்10 என்று ஒரு பதிவேடு உண்டு. எதிர்முனையின் ஒலி மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு வைத்துவிடுவது என்பதை அது வினாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் வைத்திருக்கும். பல மோடங்களில் அது 14, அதாவது 1.4 வினாடி. அந்த எண்ணைக் கூட்டிவைத்தால் மோடத்துக்குக் கொஞ்சம் பொறுமை வரும். ஒரு 'பிக்' சத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். இப்படி ஒரு கருவியின் பொறுமையை எண்ணாகத் திருத்த ஒருவரை அனுமதித்த காலம் அது. அந்த மரியாதை எனக்கு இன்றும் பெரிதாகத்தான் தெரிகிறது.

கம்பிக்கு வருவோம். தஞ்சை மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் கம்பி நனையாமல் இருக்க வழியில்லை. இடி இடித்தால் எல்லோரும் செய்த முதல் வேலை மோடத்திலிருந்து தொலைபேசி ஒயரைப் பிடுங்குவது. ஒரு மின்னலில் மோடம் போய்விடும். இடி இல்லாத மழையில் வேறு தொல்லை. இணைப்பு நிற்கும், அறுக்கும், நிற்கும். லினக்ஸில் பிபிபி நிரல் ஒவ்வொரு இணைப்பும் தொடங்கிய நேரத்தையும் அறுந்த நேரத்தையும் கணினியின் பதிவேட்டில் எழுதி வைக்கும். அந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தேன். மழை பெய்த பொழுதுகளில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு இணைப்பும் நின்றிருக்கவில்லை. வெயில் வந்த பிறகு மணிக்கணக்கில் நின்றிருக்கிறது. லைன்மேன் வந்தபோது 'இன்டர்நெட் வேலை செய்யல' என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பாமல் இதைச் சொன்னேன். அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய், கம்பத்தில் ஏறி, டிபி பெட்டியைத் திறந்தார்.

"ஜாயின்ட்ல களிம்பு ஏறிருக்கு சார். தண்ணி பட்டா சத்தம் வரத்தான் செய்யும். பேசுறதுக்கு ஒண்ணும் தெரியாது, உங்க மிஷினுக்குத்தான் தெரியும்."

கம்பியைச் சுரண்டி, புதிதாக முறுக்கி, மேலே ரப்பர் சுற்றிவிட்டு இறங்கினார். அவருக்கு லினக்ஸ் தெரியாது, எனக்குக் கம்பம் ஏறத் தெரியாது. மழைக்கும் அறுப்புக்கும் உள்ள தொடர்பு என்ற ஒரே தகவல் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அந்தத் தகவலை எனக்குக் கொடுத்தது, ஒன்றையும் மறைக்காமல் எழுதிவைத்த ஒரு பதிவேடு.

பெட்டியின் மேல் 56கே என்று அச்சடித்திருக்கும் மோடம் கிராமத்தில் ஏன் 56 ஓடவில்லை என்பதற்கும் இப்படி ஒரு முகவரி உண்டு. பேச்சுக்கான தொலைபேசி வழி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அந்த இடுக்குக்குள் வி.34 தரம் எட்டிய உச்சம் வினாடிக்கு 33.6 கிலோபிட். 1998இல் வந்த வி.90 ஒரு தந்திரம் செய்தது. இணைய நிறுவனத்திலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை எல்லாம் டிஜிட்டலாகவே வருகிறது, அங்கே ஒரே ஒருமுறைதான் அது அனலாக் ஆக மாறுகிறது என்று வைத்துக்கொண்டு, இறங்கும் திசையில் மட்டும் 56 வரை போனது. வழியில் இன்னொரு மாற்றம் குறுக்கிட்டால் தந்திரம் பலிக்காது. 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் நிறுவப்பட்ட சிடாட் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச், குளிர்சாதன வசதி இல்லாத அறைகளிலும் உழைக்கும்படி நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்டது. இந்தியக் கிராமங்களுக்குத் தொலைபேசியைக் கொண்டுபோனதில் அதன் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்து நகரத்துக்குப் போகும் இணைப்பு அனலாக் ஆக இருந்த ஊர்களில், மோடத்தின் விலை என்னவாக இருந்தாலும் 33.6க்கு மேல் போகாது. இது தெரிந்துவிட்டால், மோடத்தை மாற்றிப் பணத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. வேகத்தின் உச்சவரம்பை நாமே 28.8க்கு இறக்கிவைத்தால் இணைப்பு அறுக்காமல் நின்ற வீடுகளும் உண்டு.

சீரியல் போர்ட் பற்றிய சிக்கல்களை விரைவாகத் தாண்டிவிடலாம். காம்1 என்று விண்டோஸ் சொல்வதை லினக்ஸ் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மூன்றாவது போர்ட்டும் முதல் போர்ட்டும் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பகிர்ந்துகொண்டு ஒன்றையொன்று மறிக்கும். டெபியனில் பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்க மறந்திருப்பார்கள். எல்லாமே ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும்.

பிபிபியின் பதிவேடுதான் என்னை உண்மையில் கட்டிப்போட்டது. விண்டோஸும் பிழையைச் சொல்லத்தான் செய்தது: 680 என்றால் டயல் டோன் இல்லை, 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு, 678 என்றால் மறுமுனை பதில் சொல்லவில்லை. அது தீர்ப்பை மட்டும் எண்ணாகக் கொடுத்தது. லினக்ஸில் பிபிபிடி நிரலுக்கு டீபக் என்ற ஒரு சொல்லைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் முழு விசாரணையும் கிடைக்கும். நாம் அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பமும், அவர்கள் அனுப்பியதும், எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள் என்பதும் வரிவரியாக இருக்கும். நாம் நிபந்தனை சொல்கிறோம், அவர்கள் ஒன்றைத் தவிர மற்றதை ஒப்புக்கொள்கிறார்கள், நாம் அந்த ஒன்றை விட்டுக்கொடுத்து மறுபடி அனுப்புகிறோம், சம்மதம் வருகிறது. பிறகு அடையாளச் சோதனை. பிறகு நமக்கு ஒரு ஐபி முகவரி. மூன்று கட்டங்களில் எங்கே நின்றதென்று பத்து வயதுப் பிள்ளைக்கும் காட்டிவிடலாம்.

அதில் ஒரு செய்தி, 'லைன் திரும்பி வருகிறது' என்பது. பேச்சின் தொடக்கத்திலேயே இரு முனைகளும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணைத் தேர்ந்துகொள்ளும். அதற்கு மேஜிக் எண் என்று பெயர். எதிரிலிருந்து வரும் விண்ணப்பத்தில் நம்முடைய எண்ணே இருந்தால், கிணற்றுக்குள் கூப்பிட்டுவிட்டு நம் குரலுக்கே நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். மறுமுனை இன்னும் பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, நாம் தட்டுவதையெல்லாம் அப்படியே திருப்பிக் காட்டுகிறது, அங்கே பிபிபி தொடங்கவே இல்லை. இன்னொரு செய்தி, வந்த பைட்டுகள் எல்லாவற்றிலும் எட்டாவது பிட் பூஜ்யமாகவே இருக்கிறது, வழி எட்டு பிட்டையும் கடத்தவில்லை என்று சொல்லும். இதை எழுதியவர்கள் எங்கோ கான்பெர்ராவிலோ பிட்ஸ்பர்க்கிலோ உட்கார்ந்திருந்தார்கள். காவிரிக் கரையில் ஒரு ஊரில் யாரோ ஒருவருக்கு நள்ளிரவில் எந்த இடத்தில் சிக்கும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் ஒரு வாக்கியத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதைவிட நல்ல எழுத்தை அந்த வருடங்களில் நான் அதிகம் படித்ததில்லை.

டபிள்யூவிடயல் என்றொரு நிரல் உண்டு. மறுமுனை என்ன கேட்கிறது என்று தானே பார்த்து, ஊகித்து, பதில் சொல்லும் கெட்டிக்கார நிரல். அதன் அமைப்புக் கோப்பில் 'ஸ்டுப்பிட் மோட்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு 'ஆம்' என்று கொடுத்தால் ஊகத்தையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் பிபிபியைத் தொடங்கிவிடும். பலருக்கு அந்த வரியைப் போட்ட பிறகுதான் இணைப்பே கிடைத்தது. தன் கெட்டிக்காரத்தனம் தவறும் இடம் உண்டு என்று தெரிந்து, அதை அணைக்கும் பொத்தானையும் பயனர் கையில் கொடுத்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கடைசிக் கட்டத்துப் பழுதுகள் இரண்டு. இணைப்பு கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. எண்ணாலான முகவரிக்குப் பிங் அனுப்பினால் பதில் வருகிறது, பெயருக்கு அனுப்பினால் வரவில்லை என்றால் பெயர்களை எண்ணாக மாற்றும் சேவையகத்தின் முகவரி கோப்பில் எழுதப்படவில்லை. எண்ணுக்கும் பதில் இல்லையென்றால், கணினியில் ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க் கார்டு இயல்புவழியைப் பிடித்துவைத்திருக்கிறது. இருக்கும் வழியை மாற்ற மாட்டேன் என்று பிபிபிடி பதிவேட்டில் சொல்லியிருக்கும். படித்தால் போதும்.

இவ்வளவையும் ஒரே அடியில் பொய்யாக்கியது வின்மோடம்.

1990களின் பிற்பகுதியிலிருந்து கணினிக் கடைகளில் இன்டர்னல் மோடம் என்று விற்ற பிசிஐ அட்டைகளில் பெரும்பாலானவை முழு மோடங்கள் கிடையாது. கம்பியோடு ஒட்டும் பகுதியும் ஒலியை எண்ணாக மாற்றும் சில்லும் அட்டையில் இருக்கும். மோடத்தின் மூளையான வேலையைக் கணினியின் பிராசசரே மென்பொருள் மூலம் செய்யும். சிலவற்றில் பாதி வேலை, சிலவற்றில் முழு வேலை. அதனால் விலை மலிவு. அந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் வந்தது. லினக்ஸில் மினிகாம் திறந்து ஏடி என்று தட்டினால் ஓகே வராது. தப்பு என்றுகூட வராது. ஒன்றுமே வராது. மற்ற எல்லாப் பழுதும் ஏதாவது ஒரு சொல்லைப் பேசியது. இது பேசவில்லை, ஏனென்றால் அந்த அட்டையிடம் எப்படிப் பேசுவது என்பதே தயாரிப்பாளரின் ரகசியம்.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் காரணம் இருந்தது. வி.90க்கு உள்ளே பலருடைய காப்புரிமைகள், உரிமம் வாங்கிப் போட்ட நிரல்துண்டுகள். திறந்து காட்ட அவர்களுக்கே உரிமை இல்லாதவை. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பொருள், வாங்கியவரிடம் எந்த மொழியில் பேசும் என்பதைச் சொல்ல மறுப்பதை நியாயம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. எக்ஸ்டர்னல் மோடம் வாங்கக்கூடியவர் தப்பித்தார். முகப்பில் விளக்குகள் எரியும், சீரியல் ஒயரை மாட்டினால் எந்த இயங்குதளத்தோடும் பேசும். மலிவான அட்டையை மட்டும் வாங்க முடிந்தவர்தான் சிக்கினார். அந்தக் கணினியில் விலையில்லாத இயங்குதளத்தைப் போட நினைத்தவரும் பெரும்பாலும் அவர்தான்.

லூசென்ட் சில்லு வைத்த அட்டைகளுக்கு ஒரு பாதி வழி கிடைத்தது. முக்கியமான பகுதி படிக்க முடியாத பைனரியாக வரும், அதை லினக்ஸின் உட்கருவான கர்னலோடு ஒட்டும் பகுதி மட்டும் மூல நிரலாக வரும். அதை நம் கர்னலுக்கு ஏற்றபடி நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். கர்னல் மாறினால் மறுபடியும். அந்த டிரைவரை இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். பிரவுசிங் சென்டருக்குப் போய், அங்கே விண்டோஸில் இறக்கி, 1.44 எம்பி ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துவந்தால் கர்னலின் தலைப்புக் கோப்புகள் இல்லை என்று கம்பைலர் நின்றுவிடும். அவை ஃப்ளாப்பியில் அடங்காது. கணினிப் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடிகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தவர்கள் அன்று ஊருக்கே உதவினார்கள். என்ன அட்டை, என்ன கர்னல், என்ன பிழை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, தெரிந்தவரைத் தேடி அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிப் போனவர்கள் உண்டு. சென்னையில் இருந்தவர்களுக்கு ஐஐடியில் கூடிய லினக்ஸ் பயனர் குழு இருந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தத் தாள்தான்.

கோனெக்ஸன்ட் சில்லுகளின் கதையில் ஒரு நிகழ்ச்சி. அவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கொடுத்து வந்தது கனடாவின் லினக்ஸன்ட் நிறுவனம். இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டோடு நின்றுவிடும். முழு வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். லினக்ஸ் கர்னலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு டிரைவர் உள்ளே வரும்போது தன் உரிமம் என்ன என்று சொல்ல வேண்டும். திறந்த உரிமம் இல்லையென்றால், கர்னல் 'கறைபட்டது' என்று தன் மேலேயே ஒரு குறி போட்டுக்கொள்ளும், திரையிலும் சொல்லும். அதன் பிறகு கர்னல் செயலிழந்தால், உள்ளே யாரும் படிக்க முடியாத ஒரு பகுதி இருந்தது என்று பழுது பார்க்கிறவருக்குத் தெரியும். லினக்ஸன்டின் டிரைவர் தன் உரிமத்தை ஜிபிஎல் (ஒரு திறந்த உரிமம்) என்று எழுதி, அடுத்து ஒரு பூஜ்ய பைட்டை வைத்து, அதற்குப் பின்னால்தான் 'ஜிபிஎல் என்ற அடைவில் உள்ள கோப்புகளுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. சி மொழியில் பூஜ்ய பைட் வந்தால் சொற்றொடர் முடிந்தது என்று அர்த்தம். கர்னல் ஜிபிஎல் என்பதோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டது. குறி விழவில்லை. 2004 ஏப்ரலில் இது வெளியே வந்து பெரிய சண்டையானது. நிறுவனம் சொன்ன விளக்கம், அந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து வாடிக்கையாளர்களைக் குழப்புகிறது என்பது.

அந்த விளக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. பயனர் குழம்புவார், ஆகவே அவருக்குச் சொல்லாமல் விட்டுவிடுவோம் என்ற அந்த முடிவு நல்லெண்ணத்தோடும் எடுக்கப்படலாம். எடுத்துவிட்டால் பழுது பார்க்கும் வழியில் ஒரு படி காணாமல் போகிறது. பிறகு வந்த இருபது வருடங்களில் நம் வீட்டுக்குள் வந்த எல்லாப் பெட்டிகளும் அந்த முடிவைத்தான் எடுத்திருக்கின்றன.

அந்தப் பழைய மொழி அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்குக் கோர்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பு வழியாக இணையம் போனது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு முன்னின்று உருவாக்கிய தொழில்நுட்பம். சுவரில் மாட்டும் அந்தக் கருவியில் ஒரு சீரியல் போர்ட் இருந்தது. மோடமே இல்லாமல் 35 அல்லது 70 கிலோபிட் வேகம். பிறகு வந்த யுஎஸ்பி டாங்கிள்களை லினக்ஸில் மாட்டியபோது, அதே டபிள்யூவிடயல் கோப்பைத் திறந்து எண் இருந்த இடத்தில் *99# என்று போட்டோம். சிடிஎம்ஏ என்றால் #777. ஏடி என்று தட்டினால் ஓகே என்றது. முதலில் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லி ஏமாற்றும் டாங்கிள்கள் இருந்தன. அதற்கும் யாரோ ஒருவர் நிரல் எழுதி, ஒவ்வொரு மாடலின் எண்ணையும் பட்டியல் போட்டு வைத்திருந்தார்.

இந்த அறிவெல்லாம் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. டேவிட் லாயர் என்பவர் பராமரித்த மோடம்-ஹவ்டூ என்ற கையேடு, ஒரு மோடம் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கி, எது லினக்ஸில் ஓடும், எது ஓடாது, ஏன் என்பதுவரை சொல்லும். அலங்காரம் இல்லை, விற்பனை இல்லை. அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் அப்படி ஒரு முழுக் கையேடு அந்த நாட்களில் என் கைக்கு வரவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடித்த எத்தனையோ பிள்ளைகள் அதன் வழியாகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார்கள். படிக்க முடியாமல் மூடிவைத்துவிட்டுப் போனவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது எல்லோரும் டயல்-அப் வழியாகத்தான் உள்ளே போனோம். அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்றுதான் நிறுத்தியது. இப்போது என் வீட்டுக்குக் கண்ணாடி இழை வருகிறது. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, நாலைந்து விளக்கு. அதற்குள்ளும் பிபிபிதான் ஓடுகிறது. ஈதர்நெட்டின் மேல் ஏறி, பிபிபிஓஇ என்ற பெயரில், 1999இல் வெளியான ஆர்எஃப்சி 2516 சொல்லும் முறையில். அதே விண்ணப்பம், அதே சம்மதம், அதே கடவுச்சொல் சோதனை. அவற்றைப் பெட்டி எங்கோ தன் நினைவில் குறித்தும் வைக்கிறது. அதைக் காட்டும் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் மட்டும் வாடிக்கையாளரிடம் கிடையாது. கேட்டால் 'அது எதுக்கு சார் உங்களுக்கு' என்கிறார்கள். இணைப்பு போனால் தொலைபேசியில் ஒரு பதிவுக் குரல் பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறது. பிறகு ஒரு புகார் எண் வருகிறது.

அணைத்துப் போட்டால் சரியாகிறது என்பது உண்மை. ஏன் சரியானது என்று தெரியாமலே சரியாவதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது. அடுத்த முறை கெடும்போது என் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் சில வேலைகள் செய்துகொண்டிருக்கிறேன். என் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லிப் போராடி வாங்கினேன். இப்போது பிபிபி பேச்சு என் பழைய கணினியில் ஓடும் லினக்ஸில் நடக்கிறது, பதிவேடு என்னிடம் இருக்கிறது. கேட்டுப் பார்த்தால் எல்லா நிறுவனமும் மறுப்பதில்லை, கேட்பவர்கள்தான் குறைவு. இழை பழுது பார்க்க வரும் பையன் கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருப்பான். ஒளியின் பலத்தை அளப்பது. அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடப் போவான்.

"எவ்வளவு தம்பி காட்டுது?"

"மைனஸ் இருபத்தொண்ணு சார். நல்லாத்தான் இருக்கு."

"எவ்வளவுக்குக் கீழ போனா பிரச்சினை?"

"இருபத்தேழு தாண்டினா நிக்காது சார். இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவன் வரும்போது மைனஸ் இருபத்தாறு காட்டினால் கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இழை எங்கோ மடங்கியிருக்கிறது, அவன் ஏறித்தான் ஆக வேண்டும். எண் மாறாமல் இருந்தால் அவனைக் கம்பத்தில் ஏற்ற வேண்டாம். பதிவேட்டைத் திறந்து, விண்ணப்பத்துக்குச் சம்மதம் வந்ததா, கடவுச்சொல்லில் நின்றதா என்று முதலில் நான் பார்த்துவிடலாம்.